வாய்க்குள் நான்கு பலகைகள்

மேல்வரிசை, வலப்பக்கம், முன்பல். அது ஆடத் தொடங்கிய வாரத்தில்தான் சாம்பிள் சார் உலக மருத்துவத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவருக்குத் தான் ஆடாவிட்டாலும் தன் பல் ஆடியது. நாக்கால் தொட்டால் ஆடியது. அவர் பேசினால் ஆடியது. மனைவி பேச, அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும் ஆடியது. ஆக மொத்தம் நாள் முழுவதும் ஆடியது.

சாம்பிள் சார் என்பது தெரு வைத்த பெயர். பெயின்ட் தொழிற்சாலையில், தரச்சோதனைப் பிரிவில், இருபத்தாறு வருடமாக வேலை. தகரப் பலகையில் பெயின்ட் பூசி, வெயிலில் வாட்டி, உப்புநீர்த் தொட்டியில் ஊறவைத்து, எது கொப்பளிக்கிறது, எது உரிகிறது என்று பார்த்து எழுதுவது. எதையும் நான்கு பலகையில் சோதிக்காமல் நம்பமாட்டார். ஒருமுறை வீட்டு ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டியிருந்தது. நான்கு நிறத்தில் துணித் துண்டுகளை வாங்கி ஒரு மாதம் வெயிலில் தொங்கவிட்டார். மாதக் கடைசியில் முடிவை அறிவிக்க உள்ளே வந்தால், ஜன்னலில் ஐந்தாவது நிறத்தில் ஒரு திரை ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அதைத் தைத்து மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. துண்டுகளைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்த அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை.

மனைவி மழலையர் பள்ளியில் தலைமையாசிரியை. நாற்பது குழந்தைகள். காலையில் நாற்பதும் அழும். மாலையில் நாற்பதும் மூக்குத் துடைத்து, தலைவாரி, பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்பும். நடுவில் என்ன நடந்தது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஒரு பல்தானே, போனால் போகட்டும் என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து, வேலை முடிந்து வரும்போது தெருமுனை விளக்குக் கம்பத்தருகே நின்று அவர் ஒரு விசில் அடிப்பார். இரண்டே சுரம். மேலே ஒன்று, கீழே ஒன்று. அது காதில் விழுந்ததும் அவள் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, நாற்காலியில் சாயும்போது தேநீர் வந்து நிற்கும். இருபத்தொன்பது வருடம். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே நடப்பதைப் பேசிக் கெடுப்பானேன்?

பல் ஆடத் தொடங்கியதும் விசில் நின்றது. வெறும் காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் முள் ஏறினாற்போல், ஃபூ. தெருமுனை நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நமக்கில்லை என்று படுத்துக்கொண்டது. அன்றைக்குத் தேநீர் பதினோரு நிமிடம் தாமதம். அவர் குறித்துவைத்தார்.

பல் டாக்டரிடம் மனைவிதான் அழைத்துப் போனாள். டாக்டர் இளம்பெண். இவர்கள் உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். தனக்குத்தான் அந்த மரியாதை என்று சாம்பிள் சார் எடுத்துக்கொண்டார்.

மெல்லிய கம்பி ஒன்றால் ஈறு ஈறாக அளந்தாள் டாக்டர். "சார், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பள்ளம் விழுந்திருக்கு. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா பரவாயில்ல. உங்களுக்கு ஆறு, ஏழு."

"எந்த இடத்துல?"

"ஒரு இடம்னு இல்ல சார். பரவலா." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். "முன்பல்லைத் தாங்குற எலும்பு எவ்வளவு கரைஞ்சிருக்கு பாருங்க."

கரையான் அரித்த கதவு நிலைபோல் இருந்தது. சாம்பிள் சார் தன் எலும்பைத் தானே பார்த்து வருந்தினார்.

"திரும்ப வளருமா?"

"போனது பெரும்பாலும் போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தலாம். வாயை நாலு பாகமாப் பிரிச்சு, நாலு தடவை வரச் சொல்றேன். வேர் வரைக்கும் படிஞ்சிருக்கிற காரையைச் சுரண்டி எடுத்துடலாம். ரெண்டு மாசத்துல ஈறு இறுகலைன்னா இந்தப் பல்லை எடுக்கத்தான் வேணும்."

"சுரண்டினா வலிக்குமே?"

"வலிக்காது சார். மரத்துப்போக ஊசி போட்டுடுவோம்."

அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் ஒருமுறை தடுப்பூசி போட வந்தார்கள். முன்னால் நின்றவருக்குப் போட்டதைப் பார்த்தே இவர் மயங்கி, காயாத பச்சைப் பலகைமேல் விழுந்தார். இன்றுவரை அங்கே பச்சைப் பெயின்டுக்கு அவர் பெயர்தான்.

"எனக்கு ஆபீஸ்ல அவசரம்," என்று எழுந்தார். அது ஞாயிற்றுக்கிழமை.

படியிறங்கி வாசலுக்கு வந்ததும் மனைவி, "குடையை உள்ள வெச்சுட்டேங்க," என்று திரும்பிப் போனாள். குடையை எடுத்துவர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் குறித்துவைக்கவில்லை.

அன்று மாலையே கூடத்தில் நடுநாயகமாக நின்றுகொண்டு சாம்பிள் சார் பிரகடனம் செய்தார்.

"ஊசியும் வேணாம், டாக்டரும் வேணாம். இயற்கையில இல்லாத மருந்தா? கிராம்பு இருக்கு. மாதுளைத் தோல் இருக்கு. தேயிலை இருக்கு. ஈறு நோய்க்கு எது மருந்து, எலும்பு அரிப்புக்கு எது மருந்துன்னு இதுவரைக்கும் யாரும் ஒழுங்காச் சோதிக்கல. ஏன்னா அவங்க யாரும் பெயின்ட் ஃபேக்டரில வேலை பாக்கல."

"அதுவும் சரிதான்," என்றாள் மனைவி. அவள் குழந்தைகளின் ஓவியங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் வாயை நாலு பலகையாப் பிரிக்கப் போறேன்! மேல வலது, மேல இடது, கீழ வலது, கீழ இடது."

"அடடா, இப்படி யாருக்குத் தோணும்!" என்றாள் அவள். தலை நிமிரவில்லை.

அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. "மூணு பலகைக்கு மூணு மருந்து. நாலாவதுக்கு வெறும் உப்புத்தண்ணி."

"அது எதுக்குங்க?"

"அதான்டி சோதனையோட உயிரே! மருந்து போடாத பலகை ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான், மருந்து போட்டது தேறிச்சா இல்லையான்னு தெரியும். அதுக்கு வெறும் பலகைன்னு பேர்."

"வெறும் பலகை," என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், புதுப் பாட்டின் முதலடியைப்போல.

மறுநாள் சமையலறை ஆய்வுக்கூடமாயிற்று. கிராம்பு கொதித்தது. மாதுளைத் தோல் காய்ந்தது. தேயிலை ஊறியது. அடுத்த வீட்டுக்காரர் வாசனை பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அவருக்கு முப்பத்திரண்டும் கழற்றி மாட்டும் பல். சிரித்தால் அறை வெளிச்சமாகும். அதனால் முத்துப்பல் என்று பெயர்.

"என்ன சார், கஷாயக் கடையா?"

"ஈறு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கறேன்."

"எனக்கு ஈறு நோயே இல்ல சார்."

"எப்படி?"

"பல்லே இல்லையே!" முத்துப்பல் குலுங்கிச் சிரித்தார். "நீங்களும் எல்லாத்தையும் எடுத்துட்டு என் கட்சிக்கு வந்துடுங்க. ராத்திரி டம்ளர்ல போட்டுட்டு நிம்மதியாத் தூங்கலாம்."

"உங்களுக்கு விசில் வருமா?" என்று கேட்டார் சாம்பிள் சார்.

முத்துப்பல் உதட்டைக் குவித்து ஊதினார். மேல்செட்டு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேச்சை மாற்றினார். சாம்பிள் சார் கிராம்பை இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்.

விதிகளை அவரே எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் விதி: எந்தப் புட்டியில் எது இருக்கிறது என்று சோதனைக்கு ஆளாகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனம் பாரபட்சம் காட்டும். ஆகவே நான்கு திரவங்களையும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு புட்டியில் மனைவியே ஊற்ற வேண்டும். எது எது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி அவளே வைத்திருக்க வேண்டும்.

"நிறம் வேற வேறயா இருக்கே? பாத்தாலே தெரிஞ்சுருமே," என்றாள் அவள்.

"கண்ணைக் கட்டிட்டுத் தடவு!"

"ருசி?"

"நாலுலயும் புதினா எண்ணெய் விடு. வாசனையும் ஒண்ணாயிரும், ருசியும் ஒண்ணாயிரும்." தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். "இனிமே கடவுளுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்."

"கடவுளை எதுக்குச் சிரமப்படுத்தணும்," என்றாள்.

இரண்டாவது விதி: படிவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படிவம், கீழே கையெழுத்து. படிவம் இல்லாத சோதனை பல் இல்லாத சீப்பு என்பது அவர் கட்சி. தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு அறுபது படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர். காகிதத்தில் கீழே ஒரு கோடு தெரிந்தால் போதும், கண்ணுக்கு முன்னால் கை போய்விடும்.

புட்டிகள் நிறைந்தன. சோதனை தொடங்க வேண்டியதுதான். அப்போது அவள், துணி மடித்துக்கொண்டே, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, உங்க ஃபேக்டரில துருப்பிடிச்ச தகரத்து மேலயேவா பெயின்ட் அடிப்பீங்க?"

சாம்பிள் சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னது? துருமேல பெயின்ட் அடிக்கறவன் மனுஷனா? சுரண்டணும்! தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் சுரண்டணும்! அதுக்குப் பேரு பரப்புத் தயாரிப்பு. அது இல்லாம அடிச்சா என்ன பெயின்டா இருந்தாலும் உரிஞ்சுரும்!"

"ஓ."

 ஒரு போர்வையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

அது பாதி மடிவதற்குள் சாம்பிள் சாருக்கு மின்னல் வெட்டியது. "அய்யோ! என் பல்லெல்லாம் காரையா இருக்கே! காரைமேல மருந்து தடவினா எப்படி ஒட்டும்?"

"எப்படி ஒட்டும்?" என்று அவளும் கவலைப்பட்டாள்.

"சுரண்டணும்!"

"யாருங்க சுரண்டுவா? நான் வேணா கரண்டியால..."

"வேணாம் வேணாம். அந்த டாக்டர்கிட்ட கருவி இருக்கு. சுரண்டிட்டு, அளந்து குடுக்கட்டும். அதோட அவங்க வேலை முடிஞ்சது. வைத்தியம் கூடாது. ஊசி கூடவே கூடாது. பரப்புத் தயாரிப்பு மட்டும். நீ புட்டியைப் பையில எடுத்துட்டு வா, சுரண்டறப்பவே முதல் பூச்சைத் தடவிடலாம்."

"அவங்க சொன்னதும் சுரண்டறதுதானேங்க?"

"அவங்க சொன்னது வைத்தியம். நான் சொல்றது சோதனை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

"நீங்க சொன்னா சரி," என்றாள் அவள். போர்வை பிரமாதமாக மடிந்திருந்தது.

பலகைக்கு இரண்டு வாரம் என்று திட்டம். முதலில் மேல் வலது, விசில் பல் உள்ள பலகை. டாக்டர் அறையில் சாய்வு நாற்காலியில் ஏறுமுன் மனைவி அட்டையில் செருகிய படிவத்தை நீட்டினாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்," என்றாள் டாக்டர்.

"நான் இருபத்தாறு வருஷமாப் போடறேம்மா," என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

"சார், படிச்சீங்களா?"

"ஒரு பார்வை போதும் எனக்கு." பார்வை கோட்டின்மீது இருந்தது. "நீ கண்ணைக் கட்டு, கட்டு! நீ பையைத் திறந்தா புட்டி நிறம் தெரிஞ்சுரும்!"

மனைவி கைக்குட்டையை எடுத்தாள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. நாற்பது குழந்தைகளோடு கண்ணாமூச்சி ஆடிப் பழகிய கை. இம்மி வெளிச்சம் நுழையவில்லை.

ஏதோ குளிர்ச்சியாக ஈறில் தடவினார்கள். பிறகு ஒரு சுருக். எறும்பு கடித்ததுபோல.

"ஆ! கடிக்குது!" என்றார் திறந்த வாய்க்குள்ளிருந்து. "இது கிராம்புதான்! மருந்து எப்படி வேலை செய்யுது பாரு!"

"ஆடாதீங்க," என்றாள் மனைவி. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் முதல்நாள் வந்த பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல், ஆனால் அதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

உதடு மரத்தது. கன்னம் மரத்தது. எங்கோ தூரத்தில் யாரோ வேறொருவர் வீட்டுச் சுவரைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் கோணிய வாயோடு குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: 'கண்டுபிடிப்பு ஒன்று. அ புட்டி, சந்தேகமில்லாமல் கிராம்பு. மரக்கவைக்கும் ஆற்றல் அபாரம்.'

இரண்டு வாரம் கழித்து மேல் இடது. படிவம், கோடு, கைக்குட்டை. அதே சுருக். அதே மரப்பு.

'கண்டுபிடிப்பு இரண்டு. மாதுளைத் தோலுக்கும் மரக்கவைக்கும் குணம் உண்டு. இதை உலகம் இதுவரை அறியவில்லை.'

மூன்றாவது முறை தேயிலையும் மரக்கவைத்தது. நான்காவது முறை அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே யோசித்தார். மிச்சமிருப்பது உப்புத்தண்ணீர். அது மரக்கவைக்க வழியே இல்லை. பார்க்கலாம். சுருக். கீழுதடு கழன்று விழுந்ததுபோல் ஆனது.

அன்று இரு கையாலும் மேசையைத் தட்டினார். 'கண்டுபிடிப்பு நான்கு. உப்பு! சாதாரண உப்பு!'

"உப்பைப் போய் இத்தனை நாளாச் சாப்பாட்டுல வீணாக்கிட்டோமே!" என்றார் மனைவியிடம்.

"இனிமே கொறைச்சுப் போடறேன்," என்றாள் அவள்.

இதற்கிடையில் வீட்டில் சோதனை ஜோராக நடந்தது. காலையும் மாலையும் நிறுத்துகடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைக்கு அரை நிமிடம் பல் தேய்த்தார். அதற்குமுன் அவர் மொத்த வாய்க்கும் சேர்த்துக் கொடுத்த நேரமே அவ்வளவுதான். தேய்த்து முடித்ததும் கண்கட்டு. மனைவி பஞ்சில் தொட்டு நான்கு மூலையிலும் தடவுவாள்.

"இன்னிக்கு மேல வலது என்னமா இறுகியிருக்கு தெரியுமா? எலும்பு வளருது. சத்தம்கூடக் கேக்குது!"

"அது ஃபேன் சத்தம்."

"நீ நம்பமாட்ட. கீழ வலதுதான் சுமார். அதுதான் உப்புத்தண்ணி. எழுதி வெச்சுக்கோ."

"நாலாவதுதான் உப்புன்னு அன்னிக்கு மேசையைத் தட்டினீங்க?"

"அது அன்னிக்கு!"

முத்துப்பல் தினம் வந்து நிலவரம் கேட்டார். "சார், எனக்கும் ரெண்டு சொட்டுக் குடுங்களேன். ஈறுல முளைச்சாலும் முளைக்கும்." சாம்பிள் சார் மறுக்கவில்லை. பால்பல் முளைக்கத் தொடங்கினால் முதலில் தனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

விசில் மட்டும் அடித்துப் பார்க்கவில்லை. தெருமுனை வந்ததும் உதடு தானாகக் குவியும். உடனே இழுத்து மூடிக்கொள்வார். அடித்து, வராமல் போனால்? சோதனை முடியும்வரை அதைச் சோதிக்க அவருக்குத் துணிவில்லை. ஒவ்வொரு மாலையும் மனைவி வாசலில் ஒரே ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் செடி அழுகிவிட்டது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

கடைசி அளவைக்குப் போகிற நாளும் வந்தது. இந்தமுறை கண்கட்டு இல்லை. டாக்டர் கம்பியால் அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல மனைவி எழுதினாள்.

"மூணு. மூணு. ரெண்டு. மூணு. முன்பல், நாலு. முன்னாடி ஏழு இருந்துச்சு."

"எந்தப் பலகை சார் நல்லா... சாரி, எந்தப் பலகைம்மா நல்லா இருக்கு?" பதற்றத்தில் அவருக்கு ஆண் பெண் குழம்பியது.

"எல்லாமே ஒரே மாதிரி தேறியிருக்கு சார். போன எலும்பு வரல. ஆனா ஈறு இறுகிடுச்சு. பல்லை எடுக்க வேணாம். இப்படியே பாத்துக்கிட்டா மேற்கொண்டு கரையாமப் பாத்துக்கலாம்."

சாம்பிள் சார் சாய்வு நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார். தலைக்குமேல் இருந்த விளக்கில் இடித்துக்கொண்டார். வலி தெரியவில்லை. நான்கு பலகையும் தேறிவிட்டன! கிராம்பு வென்றது, மாதுளை வென்றது, தேயிலை வென்றது. வெறும் உப்புகூட வென்றது! வீடு வரும்வரை கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டே வந்தார்.

உறையைப் பிரிக்கச் சாட்சி வேண்டும் என்று முத்துப்பல்லை அழைத்தார். முத்துப்பல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாம்பிள் சார் தொண்டையைச் செருமினார்.

"மனித குலத்துக்கு இன்னிக்கு..."

"காத்து வரட்டும், ஜன்னலைத் தொறந்துட்டுப் பேசுங்க," என்று சொல்லி மனைவி உறையைக் கையில் கொடுத்தாள்.

பிரித்தார். ஒரு துண்டுச் சீட்டு. கூடவே நான்கு படிவங்கள். துண்டுச் சீட்டில் அவளுடைய அழகான கரும்பலகைக் கையெழுத்து.

'அ, உப்புத்தண்ணீர். ஆ, உப்புத்தண்ணீர். இ, உப்புத்தண்ணீர். ஈ, உப்புத்தண்ணீர்.'

சாம்பிள் சார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"என்னடி இது?"

"வெறும் பலகைங்க. அதான் சோதனையோட உயிர்னு சொன்னீங்க. உயிர் நாலு இருந்தா நல்லதுதானேன்னு நாலையும் வெறும் பலகையாவே வெச்சுட்டேன்."

"அப்ப கிராம்பு?"

"காயவெச்சு அலமாரில பூச்சிக்குப் போட்டிருக்கேன். பூச்சி வரல. அந்தச் சோதனை ஜெயிச்சுருச்சு."

"மாதுளைத் தோல்?"

"புள்ளைங்க அதை ஊறவெச்சு, அந்தச் சாயத்துல யானை வரைஞ்சாங்க."

"தேயிலை?" குரல் தேய்ந்தது.

"தினமும் சாயங்காலம் நீங்கதானே குடிச்சீங்க."

"அப்ப என் வாய் எதுலதான் குணமாச்சு?"

அவள் படிவங்களைச் சுட்டினாள். சாம்பிள் சார் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். 'மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் வேர் வரை காரையைச் சுரண்டி எடுக்கும் வைத்தியத்துக்குச் சம்மதிக்கிறேன்.' கீழே கோடு. கோட்டின்மேல் பளிச்சென்று அவர் கையெழுத்து. நான்கு தரம்.

"ஊசியா!" அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நாலு ஊசியா?"

"எட்டு. தடவைக்கு ரெண்டு. மூணாவது தடவைதான், 'தேயிலை எவ்வளவு மென்மையா இறங்குது பாரு'ன்னு சொன்னீங்க."

சாம்பிள் சாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஊசிக்கு இன்று மயங்குவது முறையா என்று யோசித்ததில் மயக்கம் தவறிப்போயிற்று.

"அந்த டாக்டரும் உடந்தையா?"

"அவ பாவம். ஒவ்வொரு தடவையும் படிக்கச் சொன்னா. அவ என்கிட்டப் படிச்ச புள்ளதாங்க. நாலு வயசுல மருந்துன்னாலே மேசைக்கு அடியில போயிருவா. கண்ணைக் கட்டி, இது வெளாட்டுன்னு சொல்லித்தான் ஊத்துவேன். அன்னிக்குக் குடை எடுக்கப் போனேன்ல, அப்ப அவதான் ஞாபகப்படுத்தினா."

முத்துப்பல் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கவா, செட்டைப் பிடிக்கவா என்று தெரியவில்லை. "அப்ப சார், நான் தடவினதும் உப்புத்தண்ணிதானா? முளைக்குற மாதிரி இருந்துச்சே!" என்று சொல்லிவிட்டு நழுவினார்.

சாம்பிள் சார் வெளியே நடந்தார். மாலை வெயில் சாய்ந்திருந்தது. விளக்குக் கம்பத்தருகே போய் நின்றார். இருபத்தாறு வருட அனுபவம், நான்கு பலகை, நான்கு கண்டுபிடிப்பு. எல்லாம் உப்போடு கரைந்தாயிற்று. பெருமூச்சு விட உதட்டைக் குவித்தார்.

விசில் வந்தது.

மேலே ஒன்று. கீழே ஒன்று. முழுசாக, ஓட்டை இல்லாமல். நாய் துள்ளி எழுந்து வாலை ஆட்டியது. அவர் திகைத்துப்போய் இன்னொருமுறை அடித்தார். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி நாற்காலியில் சாய்ந்தபோது தேநீர் இருந்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே பளபளவென்றிருந்த பாத்திர மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டு மாசமா," என்றாள் திரும்பாமலே, "எப்பத் தண்ணி வைக்கறதுன்னே தெரியாமப் போச்சுங்க."

அவர் கோப்பையை எடுத்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். ஊதுவதிலும் லேசாக ஒரு சுரம் கேட்டது. கோபத்தைத் தேடிப் பார்த்தார், எங்கோ வைத்துவிட்டிருந்தார். ஆனாலும் ஒரு மனிதனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"சரி, போனது போகட்டும்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. இனிமே நான் படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். இது சத்தியம்."

"நல்ல முடிவு. ஆனா வாயால சொன்னா நாளைக்கு மறந்துருவீங்க. எழுதிக் குடுங்க."

"குடுறி பேனாவை!"

அவள் கைப்பையிலிருந்து, பாதியாக மடித்த ஒரு காகிதத்தை அட்டையில் செருகி நீட்டினாள். கீழே வசதியாக ஒரு கோடும் இருந்தது. சாம்பிள் சார் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இனி எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன்.' கோட்டின்மேல் வீரமாகக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். நீட்டினார்.

அவள் வாங்கி, மடிப்பைப் பிரித்து, மேல்பாதியை நிதானமாக வாசித்தாள்: "ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவறாம வந்து பல்லைச் சுத்தம் பண்ணிக்கவும், தேவைப்பட்டா ஊசி போட்டுக்கவும் முழு மனசோட சம்மதிக்கறேன்."